இரட்சிக்கப்பட்ட பிறகும் பாவம் வருகிறதே: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஞானஸ்நானம் எடுத்துக் கொஞ்சக் காலம் போனதும் அநேகமாக எல்லா விசுவாசிகளின் மனதிலும் ஒரு கேள்வி வரும், வெளியே கேட்கத்தான் பயம். விட்டுவிட்டேன் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொன்ன பழக்கம் திரும்ப வருகிறது, பழைய கோபம் அப்படியே இருக்கிறது, காணிப் பிரச்சினையில் சொந்த அக்காவோடு கதைக்காமல் மாதக்கணக்காகிறது. அப்படியென்றால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா?

நேராகவே சொல்கிறேன். இரட்சிக்கப்பட்டவர்களும் பாவம் செய்கிறார்கள், வேதம் அதை மறைக்கவில்லை. பாவம் செய்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நாங்கள் அதிகம் வழுக்குகிறோம். திருகோணமலையில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம், ஒரே கேள்விக்கு மூன்று வீட்டில் மூன்று பதில் கிடைக்கும், இளம் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது பிழை, உண்மையாக இரட்சிக்கப்பட்டவன் பாவமே செய்யமாட்டான் என்று கற்பிப்பது. பேதுருவைப் பாருங்கள். சேவல் கூவுவதற்கு முன் மறுதலித்த கதையை நான் சொல்லவில்லை, அது பரிசுத்த ஆவி இறங்குவதற்கு முந்தியது. பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கம் பண்ணி ஏறக்குறைய 3000 பேர் சேர்க்கப்பட்டதைக் கண்ட பிறகு, கொர்நேலியு வீட்டில் புறஜாதியார்மேல், அதாவது யூதரல்லாதவர்கள்மேல், ஆவி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரு அப்போஸ்தலன் மனுஷருக்குப் பயந்து சகோதரரைப் பிரித்து வைத்திருக்கிறார், அதைப் பாவம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

யோவான் தன் முதலாம் நிருபத்தில், "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று எழுதும்போது தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். அதே நிருபத்தின் 3ஆம் அதிகாரம் 9ஆம் வசனம், தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யமாட்டான் என்கிறது. இந்த ஒரு வசனத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பயப்படுத்துகிறவர்கள், அதை எழுதிய ஆள் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால் என்ன எழுதினார் என்று பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் விஷயம் தெளிவு: பாவத்தில் குடியிருந்து அதையே தன் வழியாக வைத்துக்கொள்வது தேவனால் பிறந்தவனுக்கு ஒத்துவராது, ஆனால் அவன் விழவே மாட்டான் என்று யோவான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால், "ஒருவன் பாவஞ்செய்வானானால்" பிதாவிடம் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று 2ஆம் அதிகாரத்தை ஏன் ஆரம்பிக்கிறார்? இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமும் அப்படித்தான், அன்றன்றைய அப்பத்தோடு சேர்த்தே மன்னிப்பையும் கேட்கச் சொல்கிறது.

மெதடிஸ்த சபை 1814இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, மெதடிஸ்த இயக்கத்தையே முதலில் ஆரம்பித்த ஜோன் வெஸ்லி இந்த வாழ்க்கையிலேயே பூரண அன்பில் வளரலாம் என்று அழுத்திப் போதித்தவர். அவர்கூட அந்த நிலையில் அறியாமையும் தவறும் சோதனையும் இருக்காது என்று சொல்லவில்லை. பரிசுத்தத்தை அவ்வளவு நேசித்த மனிதர் அவ்வளவு கவனமாகப் பேசியிருக்கிறார்.

இந்தப் பிழை ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால், பாவமே இல்லாதவர்கள் கூடுகிற இடமாகச் சபை மாறிவிட்டால், விழுந்தவனுக்கு மறைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஞாயிறு காலையில் வெள்ளை உடுப்பு, பாட்டு, கண்ணீர் எல்லாம் இருக்கும், உள்ளே இருக்கிற குடிப்பழக்கத்தையோ போனில் பார்க்கிற படங்களையோ ஒருவரிடமும் சொல்ல முடியாது. மறைக்கிற பாவம் வளரும். நீதிமொழிகள் 28:13 இதைத்தான் சொல்கிறது, மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான்.

சரி, இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இயேசு எல்லாவற்றுக்கும் விலை கொடுத்துவிட்டார், இனி நான் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பது. ரோமர் 6ஆம் அதிகாரம் இதே கேள்வியைக் கேட்டு "கூடாதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. கிருபையைப் பிரசங்கிக்கிறவர்கள் அந்த அதிகாரத்தையும் பிரசங்கிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரோமர் 7இல் "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்கிற பகுதியைச் சாக்காகப் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பவுலுக்கே இப்படியென்றால் நான் எம்மாத்திரம் என்கிறார்கள். பவுல் அங்கே விசுவாசியின் போராட்டத்தைச் சொல்கிறாரா, நியாயப்பிரமாணத்தின்கீழ் இருந்த மனிதனின் நிலையைச் சொல்கிறாரா என்பதே பழைய விவாதம், ஆதிச் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனே முதலில் ஒரு விதமாகவும் பிறகு மற்ற விதமாகவும் விளக்கினார். எப்படி எடுத்தாலும் அந்தப் பகுதியில் பேசுகிற மனிதன் "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" என்று கதறுகிறான். சாக்குச் சொல்கிறவன் கதறமாட்டான், அவன் நிம்மதியாக இருக்கிறான். வித்தியாசத்தை அங்கே பாருங்கள்.

ஒவ்வொரு முறை விழும்போதும் இரட்சிப்பு போய்விட்டது என்று நினைப்பது

இது மனச்சாட்சி மென்மையான பிள்ளைகளை அதிகமாக வாட்டுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அழைப்புக் கொடுத்ததும் முன்னால் போய் முழங்காலில் நிற்பார்கள், முதல் முறை போலவே ஜெபிப்பார்கள், வேறு சபைக்குப் போனால் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். சீஷரின் கால்களைக் கழுவின இரவில் பேதுரு கைகளையும் தலையையும்கூடக் கழுவும்படி கேட்டபோது இயேசு சொன்ன பதிலை இவர்களுக்கு யாராவது நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். முழுகினவன் தன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும், மற்றப்படி அவன் சுத்தமாயிருக்கிறான் (யோவான் 13:10). தேவன் நம்மை நீதிமான்களாக ஏற்றுக்கொண்டது கிறிஸ்துவுக்காக, அது நேற்றைய கோபத்தால் கலைந்துபோகிற காரியமாக இல்லை. பரிசுத்தமாகுதல் என்பது அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க நடக்கிற வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வருடக்கணக்கில் நிம்மதி போய்விடும்.

ஒரு விசுவாசி கடைசியில் இரட்சிப்பை இழந்துபோக முடியுமா என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. 1547இல் திரெந்து சங்கம் சொன்னபடி, சாவான பாவம், அதாவது அறிந்தும் மனதாரவும் செய்கிற பெரிய பாவம், செய்கிறவர் கிருபையை இழக்கிறார், ஒப்புரவு அருட்சாதனத்தின் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவதன்) வழியே அதைத் திரும்பப் பெறலாம் என்பது கத்தோலிக்கரின் போதனை. 1618 - 1619இல் கூடிய டோர்ட் சங்கத்தின் வழிவந்த சீர்திருத்தச் சபைகள், தேவன் தெரிந்துகொண்டவர்களை அவர் கடைசிவரை காப்பார் என்கின்றன. மெதடிஸ்தர்களும் பெந்தெகொஸ்தே சபையாரில் பெரும்பாலானோரும் விசுவாசத்தைக் கைவிட்டு விலகிப்போக முடியும் என்று எச்சரிக்கிறார்கள், எபிரெயர் 6ஐக் காட்டுகிறார்கள். சீர்திருத்தச் சபையார் யோவான் 10:28ஐக் காட்டுகிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், கோபத்தில் வாய்தவறி வந்த ஒரு சொல்லுக்காகத் தேவன் ஒருவனை வெளியே தள்ளுகிறார் என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை, மனந்திரும்ப மனமில்லாமல் பாவத்திலேயே வாழ்கிறவனுக்குப் பயமில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதம் வந்தால் அந்த இரண்டு இடத்திலிருந்து கதையை ஆரம்பியுங்கள்.

சில பாவங்களை மட்டும் பாவமென்று எண்ணுவது

சிகரெட், சாராயம், படம் பார்ப்பது, சில சபைகளில் நகை போடுவது. இவைதான் பட்டியல். இவற்றை விட்டவர் பரிசுத்தவான், விடாதவர் பின்மாற்றக்காரர். கலாத்தியர் 5இல் பவுல் மாம்சத்தின் கிரியைகளை வரிசையாகச் சொல்லும்போது, வெறிகளும் களியாட்டுகளும் வருவதற்கு முன்னால் பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை எல்லாம் வந்துவிடுகின்றன. குடிக்கிற தம்பியைச் சபையில் எல்லாருக்கும் தெரியும், கோள் சொல்லி இரண்டு குடும்பத்தைப் பிரித்து வைத்தவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

கல்யாணம் பேசும்போது பாருங்கள். "விசுவாசப் பிள்ளையா?" என்று கேட்ட வாய் அடுத்ததாக "எந்த ஆட்கள்?" என்று கேட்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபற்றியவர்கள் சாதி பார்த்து விலகுவது அந்தியோகியாவில் பேதுரு செய்ததேதான், பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதமானது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். சீதனமாக இவ்வளவு காசும் வீடும் வேண்டுமென்று பெண் வீட்டாரைக் கடனில் தள்ளுகிறவரும் அந்தக் கல்யாணத்தை ஜெபத்தோடு ஆரம்பிக்கிறார். வேலையாளின் சம்பளத்தை நாளை, நாளை மறுநாள் என்று இழுப்பதும் இந்த வகைதான், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. இவற்றைப் பிரசங்கபீடத்தில் கேட்டு எவ்வளவு காலமாகிறது?

அப்புறம், எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடுவது. பிசாசு இருக்கிறான், சோதிக்கிறான், சந்தேகமில்லை. ஆனால் அவனவன் தன் சொந்த இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்வதைத் தாண்டிப் போக முடியாது. கோப ஆவி, கடன் ஆவி என்று விரட்டிக்கொண்டே இருந்தால் கடனை அடைக்கிற வேலையை யார் செய்வது?

இதோடு ஒட்டிய இன்னொன்று, கஷ்டம் வந்த இடத்திலெல்லாம் பாவத்தைத் தேடுவது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மசுக்கு மறுநாள். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று எங்கள் மாவட்டத்துக் கரையோரத்தைக் கடல் அடித்துப் போனது. பிள்ளையை இழந்த தாயிடம், எந்தப் பாவத்துக்காக இது வந்தது என்று யோசித்துப் பார் என்று சொல்வது எவ்வளவு கொடுமை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). மனந்திரும்பச் சொன்னதெல்லாம் உயிரோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான்.

தேவனிடம் மட்டும் சொல்லிவிட்டு மனிதனை விட்டுவிடுவது

எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் சீட்டுப் பிடிக்கிறார், பத்துப் பதினைந்து பெண்கள் மீன் விற்ற காசிலும் தையல் காசிலும் மாதாமாதம் கட்டுகிறார்கள், நடுவில் சீட்டு உடைகிறது, காசு இல்லை. சீட்டுப் பிடித்தவர் உபவாச ஜெபத்தில் விழுந்து அழுகிறார், தேவன் மன்னித்துவிட்டார் என்று சமாதானம் பெற்றதாகச் சாட்சி சொல்கிறார். காசைப் பறிகொடுத்த அக்கா அதே கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தச் சாட்சி எப்படிக் கேட்கும்?

காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு மத்தேயு 5இல் சொன்ன ஒழுங்கை நாங்கள் தலைகீழாக்கிவிட்டோம். சகேயுவைப் பாருங்கள், யாரும் கேட்காமலே அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார். காசைக் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று இதற்கு அர்த்தமில்லை. இரட்சிப்பு வந்த வீட்டில் கணக்குப் புத்தகம் திறக்கிறது. மொத்தமாகக் கொடுக்க வழியில்லாவிட்டால் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், இவ்வளவு தரவேண்டும், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், எழுதினபடியே கொடுங்கள். அவமானமாகத்தான் இருக்கும்.

விழுந்தவர் ஒருவரிடம் வாய் திறக்கிறார் என்றால், கேட்கிறவர் செய்கிற பிழையையும் சொல்ல வேண்டும். "இன்ன சகோதரனுக்காக ஜெபியுங்கோ, ஒரு பாவத்தில் விழுந்திட்டார்" என்று வட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டுவிடுகிறார்கள், விடிவதற்குள் உவர்மலை தொடக்கம் சாம்பல்தீவு வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் இனி யாரிடமும் எதையும் சொல்லமாட்டார். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, கேட்டதை ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது. நம்பக்கூடிய ஒரு ஆள், இரண்டு ஆள் போதும்.

ஆனால் குற்றம் வேறு. கணவன் மனைவியை அடிப்பதும், சிறுபிள்ளையிடம் கைவைப்பதும் இரகசியமாக ஜெபித்து மூடிவிடுகிற விஷயங்கள் இல்லை. "அவர் மனந்திரும்பிவிட்டார், நீ மன்னித்துவிடு" என்று அடிபட்டவரைத் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இரக்கத்தின் பெயரில் பெரிய அநியாயம் செய்கிறார்கள். உண்மையாக மனந்திரும்பினவன் சட்டத்துக்குமுன் நிற்கவும் ஒப்புக்கொள்வான், தேவன் அவனை மன்னித்திருந்தாலும் அந்த வீட்டில் பிள்ளையைப் பாதுகாக்கிற பொறுப்பு நம்முடையது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929, பெண்ணுக்கு என்றால் 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். போதகர் என்ன சொல்வார் என்று அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியதில்லை.