அம்மா இருக்கும் வீட்டை ஒதுங்க வைப்பது எப்படி?

பொங்கல் லீவுக்கு 3 நாள் வந்து, ஒரு லோடு ஆட்டோ பிடித்து, பரணைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அது பாதியில் நின்றுவிடும். பட்டாசல் (கூடம்) முழுக்கச் சாமான் பரந்து கிடக்க, அம்மா கால் வைக்க இடமில்லாமல் தார்சாவில் (முன்கட்டில்) போய் உட்கார்ந்திருப்பார். வயதான அம்மா குடியிருக்கும் வீட்டில் சாமான்களை ஒழுங்குபடுத்தக் குறைந்தது 3 வாரம் தங்குகிற மாதிரி வாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் போதும். காலை 9 மணிக்குத் தொடங்கி 11.30க்கு முடித்து, எடுத்ததை எல்லாம் ஓரம் கட்டிவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாக இருக்கணும்.

தை பிற்பாதியும் மாசியும் தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் வெயிலில் போட முடியாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலும் சேர்ந்துகொள்ளும். சித்திரையில் பரணில் ஏறினால் ஆள் வெந்துபோவார்.

முதல் நாள்: வழி மட்டும்

எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம். அம்மாவின் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ராத்திரி நடக்கும் வழியை மட்டும் பாருங்கள். 3 அடி அகலத்துக்கு இடம் ஒழியணும். வழியில் கிடக்கும் மிதியடிச் சாக்கு, சுருண்ட பாய், வயர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சறுக்கவும் தட்டவும் வைப்பவை இவைதான். ஒரு ஜீரோ வாட் பல்பு போடுங்கள். கட்டில், தண்ணிச் செம்பு, மாத்திரை டப்பா, சாமி படம், அவர் உட்காரும் நாற்காலி ஆகியவற்றைக் கடைசி நாள் வரை இடம் மாற்றாதீர்கள். இருட்டில் கை பழகின இடத்துக்குத்தான் போகும். ஞாபக மறதி உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம்.

கேட்கும் விதம்

“இது வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “கெடக்கட்டும், ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆவும்.” அதற்குமேல் வாதாடிப் பயனில்லை. “இதை யாருக்கும்மா குடுக்கலாம்?” என்று கேளுங்கள். கொடுப்பதில் அவருக்கு ஒரு கௌரவம் உண்டு, தூக்கிப்போடுவதில் இல்லை. சித்தி மகளுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, கோயிலுக்கு என்று அவரே பேர் சொல்லுவார். சொன்ன பேரை அப்போதே அட்டைப்பெட்டியில் எழுதி, இரண்டு மூன்று நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பெட்டி ஒரு வாரம் கிடந்தால் சாமான் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே போய்விடும்.

அம்மா குனியக்கூடாது. அவர் நாற்காலிக்கு முன்னால் முக்காலி போட்டு, ஒரு தடவைக்கு 10 சாமான் வையுங்கள். அவர் தூங்கும் நேரம் பார்த்து எதையாவது கடத்தினால், கிழிந்த சாக்காக இருந்தாலும், மறுநாளிலிருந்து பீரோ பூட்டிக்கொள்ளும்.

பாத்திரம்

அதிக நேரம் எடுப்பது இதுதான். 4 நாள் ஒதுக்குங்கள். வார்ப்பு, உருளி, சருவப்பானை, குத்துப்போணி எல்லாவற்றையும் புறவாசலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டுப் படம் எடுங்கள். அடுத்து விளிம்பையும் கழுத்தையும் பாருங்கள். களிம்பேறிக் கறுத்த இடத்தில் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் பொடிப்பொடிப் புள்ளியாக வெட்டின எழுத்து மேலே வரும்: பேர், ஊர், சில நேரம் தேதி. தும்பிக்கை மாதிரிச் சுழித்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தால், எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்தின பாத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மாவின் பிறந்த வீட்டுப் பேர் வெட்டினதை எடைக்குப் போடும் பேச்சையே எடுக்காதீர்கள். மீதியைக் கூடப்பிறந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நம்பரோடு போட்டு, ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். தேதி குறிக்காவிட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள்; விற்றபிறகு எல்லாரும் சொல்லுவார்கள்.

விற்பது என்று முடிவானால் வீட்டிலேயே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 50 கிலோ வரை நிறுக்கும் தொங்கு தராசு போதும். பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, 2 கடையில் விலை கேளுங்கள். கலந்து கொண்டுபோனால் எல்லாம் பித்தளை விலைக்குப் போகும். ஈயச்சொம்பை அலுமினியம் என்று நினைத்து அந்தக் குவியலில் போட்டுவிடாதீர்கள்; அது வெள்ளீயம், அதற்கு விலை பல மடங்கு. வீட்டிலேயே வைத்துக்கொண்டால், தண்ணீரோ ரசமோ இல்லாமல் அடுப்பில் வைக்கக்கூடாது, 232 டிகிரியில் உருகிவிடும். பித்தளையில் சமைக்க எண்ணம் இருந்தால் ஈயம் பூசிய பிறகுதான். பூச்சு போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு குழம்பில் இறங்கும்.

காகிதம்

எந்தக் காகிதத்தையும் முதல் வாரம் வெளியே அனுப்பாதீர்கள். பழைய காலண்டருக்குள், பஞ்சாங்கத்துக்குள், அரிசி டப்பாவுக்கு அடியில் எல்லாம் பத்திரம் இருக்கும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், பட்டா, தீர்வை ரசீது, பென்ஷன் புத்தகம், எல்ஐசி பாலிசி இவை ஒரு கட்டு. அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. ஈரம் பட்டு ஒட்டிய தாளை இழுத்துப் பிரிக்காமல், நியூஸ் பேப்பர் இடையில் வைத்து நிழலில் காயவிடுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது தரைத்தட்டில் இருந்த பத்திரங்கள் நனைந்தன. பத்திரக் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நெஞ்சு உயரத்துக்கு மேல் வையுங்கள்.

பனையோலை ஏடு அகப்பட்டால் துடைக்கவோ வெயிலில் போடவோ வேண்டாம். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

பணமும் வரும். 2016ல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய்த் தாள்கள் சேலை மடிப்பில் இருந்து விழும். அவற்றை மாற்ற முடியாது, 10 தாளுக்கு மேல் வைத்திருப்பதும் சட்டப்படி தப்பு. ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாதீர்கள், அது அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்தது.

துணி, பாய்

ஒவ்வொரு சேலையையும் உதறி, பழைய மடிப்பு விட்டு வேறு மடிப்பில் மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் இற்றுவிடும். பத்தமடைப் பாயை மடக்கினால் கோரை ஒடியும், சுருட்டித்தான் வைக்கணும்.

பரண், புறவாசல்

இது கடைசி வாரத்து வேலை. அம்மாவை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள், தூசி இழுத்தால் மூச்சு வாங்கும். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, கையுறை மாட்டித் துடையுங்கள். ஓலைப்பெட்டி, சொளவு (முறம்), விறகு எதையும் தொடும் முன்பு கம்பால் தட்டுங்கள். தேள் பெட்டிக்கு அடியில்தான் இருக்கும். ஆட்டுரலைத் தூக்காதீர்கள், இரண்டு பேராகச் சாய்த்து உருட்டுங்கள். பொங்கக்கட்டிகளை (பொங்கல் பானைக்கு அடுப்பாகக் கூட்டும் கட்டிகள்) மட்டும் மழை படாத மூலையில் சேர்த்து வையுங்கள். அடுத்த தைக்கு அவை இல்லாவிட்டால் பேச்சு கேட்பது நீங்கள்தான்.

முடிவாகாத சாமான் எப்படியும் ஒரு பெட்டி தேறும். அதை டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அம்மா கண்ணில் படுகிற இடத்தில் 2 மாதம் விடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாவிக்கொத்து. எது எந்தப் பூட்டுக்கு என்று பார்த்து ஒவ்வொன்றிலும் துணித்துண்டு கட்டி, பேர் எழுதி, அம்மா கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பூட்டே இல்லாத சாவிகள் ஏழெட்டு இருக்கும். அவற்றை அவரே கழற்றட்டும்.