புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும்

நூலகத்துக்குள் விட்டதும் பிள்ளை ஒரு புத்தகத்தை உருவும், அட்டையைப் பார்க்கும், நடுவில் எங்கோ பிரித்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி செருகிவிடும். இப்படிப் பத்துத் தடவை. 'ஏதாவது ஒன்றை எடேன்' என்று நமக்கு வாய் துறுதுறுக்கும். பேசாமல் நில்லுங்கள், தேர்ந்தெடுக்கப் பழகுவது என்றால் அதுதான்.

வீட்டு அலமாரியில் கீழ்த்தட்டை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, நாலைந்தாவது அட்டை தெரிகிற மாதிரி சாய்ந்திருக்கட்டும். எதை வாங்குவது என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு, சரி. அலமாரிக்கு வந்தபின் எதை எடுப்பது என்பது பிள்ளையின் பாடு.

கடினமாக இருக்குமோ என்று தோன்றினால் ஐந்து விரல் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்: ஒரு பக்கம் படிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் தனியாகப் படிப்பது சிரமம். சட்டமாக்கிவிடாதீர்கள். டைனோசர் பித்துப் பிடித்த பிள்ளை பத்து விரல் மடங்கினாலும் தடிப் புத்தகத்தை விடாது, படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் வைத்தே பாதியைத் தேற்றிவிடும், மீதியை நீங்கள் வாசித்துக் காட்டினால் போதும். காமிக்ஸும் வாசிப்புதான், ஒரே புத்தகத்தை இருபதாவது தடவை படிப்பதும்தான். பாதியில் மூடினால் விடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-ல் வாசகரின் 10 உரிமைகளைப் பட்டியல் போட்டபோது படிக்காமல் இருப்பது, பக்கங்களைத் தாண்டுவது, முடிக்காமல் விடுவது ஆகிய மூன்றையும்தான் முதலில் வைத்தார்.

இதுவரை சுலபம். படித்து முடித்த பிறகுதான் நம்மில் பலர் காரியத்தைக் கெடுக்கிறோம். 'கதையின் நீதி என்ன?' என்று கேட்டால் பரீட்சை தொடங்கிவிட்டது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பிக்கும். அதற்குப் பதில், எந்த இடம் பிடித்தது, எது குழப்பியது என்று கேளுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். விசித்திரமாக ஏதாவது சொன்னால் திருத்த வேண்டாம், 'எங்கே அப்படி இருக்கிறது, காட்டு' என்று புத்தகத்துக்கே அனுப்புங்கள். முயல் ஆமை கதையைப் படித்துவிட்டு என் மகள், "ஆமை கெட்டது, முயலை எழுப்பவே இல்லை" என்றாள். விடாமுயற்சியைப் பற்றிப் பேச வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டு, காட்டச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள். படத்தில் ஆமை, தூங்கும் முயலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.