ஹெபடைடிஸ் பி மருந்து எதிர்ப்புப் பரிசோதனை: எப்போது கேட்பது, எப்படி வாசிப்பது

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுக்கு மாத்திரை எடுத்துவருபவரின் வைரஸ் அளவு மீண்டும் ஏறும்போது, வைரஸ் அந்த மருந்துக்குக் கட்டுப்படாதபடி மாறிவிட்டதா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கு உடனே எழுதிக்கொடுக்கத் தோன்றும். அதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, அது மெய்யான ஏற்றம்தானா என்பது. சிகிச்சையில் எட்டிய மிகக் குறைந்த அளவைவிட வைரஸ் டிஎன்ஏ பத்து மடங்குக்கு மேல், அதாவது ஒரு லாக்குக்கு மேல் கூடியிருக்க வேண்டும். அதே ஆய்வகத்தில், அதே முறையில் மீண்டும் பார்த்தபோதும் அது உறுதியாக வேண்டும். இரண்டாவது, மாத்திரை விடாமல் எடுக்கப்படுகிறதா என்பது. நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் "ஆமாம்" என்ற பதிலே வரும் என்பதால், மருந்துக்கடை ரசீதுகளையும் மாத்திரை அட்டைகளையும் பார்ப்பது நல்லது. என்டெகாவிர் என்ற ஹெபடைடிஸ் பி மாத்திரை எடுப்பவரிடம், வெறும் வயிற்றில், அதாவது உணவுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் சேர்வது குறைகிறது.

இவை தெளிவான பின்னும் ஐயம் நீடித்தால், மருந்தை மாற்றுவதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். மருந்தின் அழுத்தம் நீங்கியதும் மாற்றமடையாத பழைய வைரஸ் மேலோங்கி, எதிர்ப்பு வகை பரிசோதனையின் கண்ணில் படாமல் போகக்கூடும். ஆனால் அது கல்லீரல் செல்களில் தங்கியிருக்கும் வைரஸ் டிஎன்ஏவில் சேமிக்கப்பட்டே இருக்கும்; பழைய மருந்தை மீண்டும் தொடங்கினால் விரைவில் தலைதூக்கும். ஆகவே அனுப்பும் படிவத்தில் இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்தையும் ஆண்டோடு எழுதுவது, குழாயில் இரத்தம் பிடிப்பதற்கு இணையான வேலை என்றே கருதுகிறேன். இரு வைரஸ்களுக்கும் எதிராக வேலை செய்யும் லாமிவுடினை எச்ஐவி சிகிச்சைக்காக எடுத்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேரும். அதைப் பலர் ஹெபடைடிஸ் மருந்தாக எண்ணாமல் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மாதிரியை இடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயிலோ சீரம் குழாயிலோ எடுக்கலாம். உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெபாரின், வைரஸ் மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுப்பதால் அந்தக் குழாய் கூடாது. சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவையோ சீரத்தையோ பிரித்து உறைய வைக்க வேண்டும். வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் மரபணுப் பகுதியைப் பெருக்கவே முடியாமல் போகலாம். குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் பகுதிக்கான மரபணு வரிசையையே ஆய்வகம் படித்தறிகிறது. வழக்கமான சாங்கர் முறையில், மொத்த வைரஸில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும் மாற்றம் தெரியாது. புதிய தலைமுறை வரிசையாக்கம் அதைவிட மிகக் குறைந்த பங்கையும் காட்டும். எனவே "மாற்றம் காணப்படவில்லை" என்ற அறிக்கையை எதிர்ப்பே இல்லை என்று வாசிக்கக் கூடாது.

நொதியின் அமினோ அமிலங்களுக்கு வரிசையாக எண் இடப்பட்டிருக்கும்; அறிக்கையில் முதலில் தேட வேண்டியது 204ஆம் இடம். அங்கே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலினோ ஐசோலூசினோ இருந்தால் லாமிவுடின் பயன்படாது. என்டெகாவிருக்கு முழு எதிர்ப்பு வர, 204, 180 ஆகியவற்றோடு 184, 202, 250 போன்ற இடங்களில் ஒன்றும் மாற வேண்டும். லாமிவுடின் எதிர்ப்பு உள்ளவருக்கு முதலிரண்டும் பெரும்பாலும் ஏற்கெனவே மாறியிருப்பதால், அவரை என்டெகாவிருக்கு மாற்றுவது தவறான தெரிவு. அவருக்கு டெனோஃபோவிர் என்ற மருந்தே பொருந்தும். 181, 236 ஆகிய இடங்களின் மாற்றம் அடெஃபோவிர் என்ற பழைய மருந்துக்கான எதிர்ப்பைக் குறிக்கும். 181இல் திரியோனின் வரும் மாற்றம் சற்றே வஞ்சகமானது: பாலிமரேஸ் மரபணுவும் மேற்புறப் புரத மரபணுவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், அது மேற்புறப் புரதத்தைப் பாதியில் நிறுத்தி, வைரஸ் துகள்கள் வெளியேறுவதைக் குறைக்கலாம். அப்போது எதிர்ப்பு இருந்தும் இரத்தத்தில் வைரஸ் அளவு அதிகம் ஏறாது.

டெனோஃபோவிர் எடுப்பவரிடம் ஏற்றம் கண்டால் மாத்திரை விடுபடுவதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் மருத்துவ ஆய்வுகளில் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும் உறுதியான எதிர்ப்பு கண்டறியப்படவில்லை. அறிக்கை வரும்வரை நடப்பு மருந்தை நோயாளி தானாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம், ஈரல் சுருங்கியவருக்கு அது உயிருக்கே ஆபத்து. மருந்து மாற்றிய பின் மூன்று மாதத்தில் வைரஸ் டிஎன்ஏவையும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி நொதியையும் மீண்டும் பார்க்க வேண்டும்.