கால்சட்டைப் பைக்கு ஒரு சிறு பிஸ்டல்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் பிஸ்டலை நான் தவறாக வாங்கினேன். டெக்சஸில் ஒரு சிறிய மருந்துக்கடை நடத்துகிறேன். இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிட்டு, வெளிச்சம் குறைந்த கார் நிறுத்துமிடத்தைத் தனியாகக் கடக்க வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். வலது பெருவிரல் மூட்டில் வாதம். "பெண்களுக்கு இதுதான் சரி, சின்னது, கனமே இல்லை" என்று துப்பாக்கிக் கடையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நானும் நம்பி வாங்கினேன். சுடுபயிற்சித் தளத்தில் மூன்றாவது மேகசின் (தோட்டாக்கூடு) தீர்வதற்குள் உள்ளங்கை சிவந்து, பெருவிரலின் அடி வீங்கிவிட்டது. முதல் தோட்டாவைக் குழலில் ஏற்றப் பின்னுக்கு இழுக்க வேண்டிய மேல்பகுதிக்கு ஸ்லைடு என்று பெயர். அதை முழுவதுமாக இழுக்க என்னால் முடியவே இல்லை. ஆறு வாரம் பெட்டிக்குள் கிடந்த பிறகு நட்டத்துக்கு விற்றேன்.

சிறிய பிஸ்டல் என்றால் கையாள்வதற்கு எளிது என்பது தவறான எண்ணம். எடுத்துச் செல்வதற்குத்தான் அது எளிது, சுடுவதற்குக் கடினம். ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் கனமில்லாத துப்பாக்கியிலும் சுட்டுப் பாருங்கள். கனமில்லாததுதான் கையைக் கூடுதலாக உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் குறைவு என்பதால் மணிக்கட்டு இம்மியளவு அசைந்தாலும் தோட்டா விலகிப்போகும். துப்பாக்கி புதிதாகப் பிடிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தேர்வுக்குள் போகும் முன் உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில குறுகிய விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் "வைத்திருத்தல்" என்ற கணக்கில் வரக்கூடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் தெரிந்தே பொய் எழுதுவது மத்தியக் குற்றம்.

மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தும் நான் உரிமம் வாங்கினேன். பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன. கலிஃபோர்னியா எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. உரிமத் தேர்வில் 3, 7, 15 கெஜ தூரங்களிலிருந்து 50 தோட்டா சுட வேண்டும். அந்த ஒரு நாள் என் கை எங்கே தடுமாறுகிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும், மறைத்த கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று கடை வாசல்களில் வைக்கும் 30.06 அறிவிப்புப் பலகை என்ன சொல்கிறது என்பதையும் அங்கேதான் முறையாகப் படித்தேன்.

இனி தேர்வு. இரண்டாம் முறை நான் கடைக்குப் போகவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தயாரிப்பாளர்கள் வெளியிடும் அளவுகளைப் பார்த்து ஒவ்வொரு பிஸ்டலின் வடிவத்திலும் அட்டை வெட்டி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். ரூகர் எல்.சி.பி. ஐந்து அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளமும் 3.6 அங்குல உயரமும் கொண்டது. அந்த அட்டை எந்தப் பையிலும் மறைந்துவிட்டது. கிளாக் 42 கிட்டத்தட்ட ஆறு அங்குல நீளம், நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். அதன் பிடி பை விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சிக் பி365 நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டாலும், தடிமனும் ஏறக்குறைய 500 கிராம் கனமும் சேர்ந்து கால்சட்டையைக் கீழே இழுக்கும். அதை இடுப்பு உறைக்கு உரியது என்று ஒதுக்கினேன். பெண்கள் கால்சட்டையின் பைகள் எவ்வளவு ஆழமில்லாதவை என்பதை அந்த ஒரு வாரத்தில் நன்றாகப் புரிந்துகொண்டேன். மூன்று கால்சட்டைகளின் பைகளைப் பிரித்து, தடித்த டெனிம் துணியால் ஆழமாகத் தைத்துக்கொண்டேன். பையைத் தைத்து மாற்றிவிடலாம், பெருவிரல் மூட்டை மாற்ற முடியாது. அதன் பிறகு நான் செய்த தேர்வு முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லைடு எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதைத் துப்பாக்கியின் அளவு சொல்லாது. உள்ளே இருக்கும் அமைப்புதான் தீர்மானிக்கிறது. வால்தர் பி.பி.கே. போன்றவற்றில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. வெடிப்பின் அழுத்தத்தை ஸ்லைடின் கனமும் சுருள்வில்லின் விறைப்புமே தாங்க வேண்டும். அதனால் வில் கடினமாக இருக்கும். எல்.சி.பி., கிளாக் 42 போன்றவற்றில் குழல் ஸ்லைடோடு பூட்டிக்கொண்டு சற்றுத் தூரம் பின்வாங்கிய பிறகே விடுபடும். அவற்றில் மென்மையான வில்லே போதும், உதைப்பும் கூர்மையாக இருக்காது. "குழல் ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளுமா?" விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இழுக்கும் முறையும் முக்கியம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுத்தால் யாருக்கும் கை வலிக்கும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, சுடுவதற்கு அழுத்தும் விசையிலிருந்து விரலை விலக்கி, இடக்கையின் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேல் வளைத்து அழுத்திப் பிடியுங்கள். பிறகு வலக்கையால் பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள். இழுப்பதை விடத் தள்ளுவதற்கு உடம்பின் வலு கூடுதலாகக் கிடைக்கும். பத்து முறை தொடர்ந்து செய்து பாருங்கள். எட்டாவது முறை கை நழுவினால் அந்தப் பிஸ்டல் உங்களுக்கு வேண்டாம்.

ஸ்லைடு வேலையே முடியாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பெரெட்டா டாம்கேட், பாப்கேட் ஆகியவற்றில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலே எழும்பும்; தோட்டாவை நேரடியாகக் குழலில் வைத்து மூடிவிடலாம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வரில் இழுக்க ஸ்லைடே இல்லை, சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது, கனமும் 400 கிராம் அளவுதான். ஆனால் அதன் விசை நீண்டது, கனமானது. பத்துப் பன்னிரண்டு பவுண்டு அழுத்த வேண்டும். .38 ஸ்பெஷல் முழுவலுத் தோட்டாவில் உதைப்பு கடுமை. 148 கிரெய்ன் எடையுள்ள, நுனி தட்டையான வாட்கட்டர் தோட்டா போட்டால் கைக்கு இதமாக இருக்கும் என்று பயிற்சியாளர் சொன்னார். சுட்டுப் பார்த்தேன், உண்மைதான். விசையைத்தான் என் விரல் ஏற்கவில்லை.

விவரம் எவ்வளவு படித்தாலும் வாடகைக்கு எடுத்துச் சுடாமல் வாங்காதீர்கள். நான் ஒரு மாதத்தில் நான்கு பிஸ்டல்களைச் சுட்டேன். ஏழு கெஜ தூரத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. முதல் பத்துத் தோட்டாக்களை நான் கணக்கில் எடுக்கவில்லை; கடைசிப் பத்து எங்கே விழுகின்றன என்பதையே பார்த்தேன். கை களைத்த பிறகும் தட்டுக்குள் விழ வைக்கும் துப்பாக்கிதான் உதவும். பழைய எல்.சி.பி.யில் குறிகள் பொடியாக இருந்தன. 2021இல் வந்த எல்.சி.பி. மேக்ஸில் முன்குறி இருட்டிலும் ஒளிர்கிறது, மேகசினில் பத்துத் தோட்டா கொள்கிறது, கனம் 300 கிராம்தான். கைவலி இல்லாத யாருக்கும் நான் முதலில் அதைச் சொல்வேன். என் கைக்கு, 390 கிராம் கனமுள்ள கிளாக் 42 மிகவும் மென்மையாகச் சுட்டது. ஆறு தோட்டாதான் என்றாலும் அதையே எடுத்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: கனமில்லாத பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுச் சுற்று போகாமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சுட்டுப் பாருங்கள்.

தோட்டாவைப் பற்றிய சண்டைக்கு முடிவே இல்லை. எல்.சி.பி.யும் கிளாக் 42உம் சுடுவது .380 தோட்டா. அது ஜான் பிரௌனிங் வடிவமைப்பில் 1908இல் வந்தது. சிக் பி365 சுடும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை விட வலுக் குறைவு. எஃப்.பி.ஐ. தன் சோதனையில் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று கேட்கிறது. மூன்று அங்குலக் குழலிலிருந்து .380 போகும்போது, நுனி விரியும் தோட்டா சில நேரம் விரிந்து சீக்கிரமே நின்றுவிடும். சில நேரம் விரியாமலே போகும். இதற்காக மாதக்கணக்கில் குழம்ப வேண்டாம். நல்ல தயாரிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பிஸ்டலில் அதே தோட்டாவைக் குறைந்தது ஐம்பது முறை சுட்டு, ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். சாதாரணத் தோட்டாவையும் சேர்த்து இருநூறு சுட்டிருக்க வேண்டும். .380 தோட்டா 9 மில்லிமீட்டரை விட விலை கூடுதல், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறை இல்லாமல் பையில் பிஸ்டல் வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சாவி, பேனா, மிட்டாய் உறை, எதுவும் விசையைத் தொட்டுவிடலாம். உறை விசைப் பகுதியை முழுவதும் மூட வேண்டும், விறைப்பாக இருக்க வேண்டும், பிஸ்டலை எடுக்கும்போது தான் பைக்குள்ளேயே தங்க வேண்டும். அந்தப் பையில் வேறு எதுவும் போடாதீர்கள், கைக்குட்டைகூட வேண்டாம். திரும்ப வைக்கும்போது பையில் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் செருகாதீர்கள்; உறையை வெளியே எடுத்து, குழலை உடம்பை விட்டு விலக்கி வைத்துச் செருகி, இரண்டையும் சேர்த்துப் பையில் இடுங்கள். எடுக்கும் பயிற்சியைக் காலித் துப்பாக்கியில் செய்யுங்கள்; தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கை மடக்காமல் தட்டையாக உள்ளே போக வேண்டும். முஷ்டியாக மடக்கினால் பை வாயில் சிக்கிக்கொள்ளும். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது பையிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கடையில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் கேட்டாள்: "அக்கா, பையைத் தைக்கிற பாடெல்லாம் எதற்கு? கைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாதா?" கைப்பையைத்தானே திருடன் முதலில் பறிக்கிறான் என்றேன். அவளுக்கு நான்கு வயது மகன் இருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைச் சோபாவில் வீசுகிறவள் அவள். டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், விரலால் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டகம் ஒன்றைச் சுவரில் திருகி மாட்டிய பிறகே பிஸ்டல் வீட்டுக்குள் வர வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் காலத்தில் துப்பாக்கி அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. மருந்துக்கடையில் நின்று பல குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாங்கியவுடன் தோட்டா ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்பாதீர்கள். நான் இரண்டு வாரம் காலிப் பிஸ்டலை உறையோடு பையில் வைத்து வீட்டுக்குள் நடமாடினேன். குனிந்தேன், உட்கார்ந்தேன், துணி மடித்தேன், படியேறினேன். கிளாக்கில் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விட்டால் விசை முன்னே நிற்கும்; எதுவாவது அதை அழுத்தியிருந்தால் பின்னே போய் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வோர் இரவும் எடுத்துப் பார்த்தேன். முதல் வாரம் ஒருநாள் மாலை, பையின் அடியில் சேர்ந்திருந்த பஞ்சு குழல் வாயில் அடைந்திருந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் துடைக்கிறேன். பதினான்கு இரவும் விசை முன்னேயே நின்றது. பதினைந்தாம் நாள் தோட்டா ஏற்றினேன்.