நாலு வருச நாரி நோ

மட்டக்களப்பு கல்லடியில தையல் மெசினுக்கு முன்னால குந்தியிருந்தே நாலு வருசமா நாரி நோ, இடுப்பு வலி. வலது கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்கும். எண்ணெய் தடவினன், ஒத்தடம் பிடிச்சன். பாமசியில டைக்குளோபெனக் எண்ட நோக் குளிசை வாங்கி மாசக்கணக்கில விழுங்கினதுதான் பெரிய பிழை. நோ அடங்கல்ல, வயிறு புண்ணாப்போச்சு.

கடைசியா கிளினிக்கில டொக்டர் என்னைப் படுக்கவச்சு, காலை மடக்காமத் தூக்கிப் பாத்தார். "இது நரம்பு நோ அக்கா, பனடோலுக்குக் கேக்காது." இரவில அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். அது மனச்சோர்வுக் குளிசை எண்டு மகள் சொல்ல எனக்குக் கோபம். நான் என்ன விசரியா? குறைஞ்ச அளவில நரம்பு நோவுக்கும் குடுக்கிறதாம். முதல் கிழமை வாய் காய்ஞ்சு, காலையில தலை தூக்கேலாத மப்பு. மூண்டாம் கிழமைதான் விடியுமட்டும் நித்திரை.

படுத்துக்கிடக்காம நடக்கச் சொன்னது பிசியோதெரபிப் பிள்ளை. பின்னேரம் பழைய பாலத்தில, வாவிக் காத்தில நடப்பன். கதிரையை ரெண்டு பலகை வச்சு உயர்த்தினன். அரை மணிக்கொருக்கா போன்ல அலாரம் அடிக்கும், எழும்புவன். சலம் போகாட்டி, இல்லாட்டித் தொடையிடுக்கு விறைச்சா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னவ அந்தப் பிள்ளை.

நோ முழுசாப் போகல்ல. ஆனா போன தீபாவளிக்குப் பதினொரு சட்டை தைச்சன்.