ஊருக்குப் போகுமுன் போனில் உள்ள பணத்தைத் தயார் செய்யுங்கள்

சென்னையில் இறங்கிப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம், மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று கிளம்பிய காலம் போய்விட்டது. இளநீர்க் கடையில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால், "சில்லறை இல்லையே சார், ஜிபே பண்ணிடுங்களேன்" என்கிறார்கள். ஜிபே போன்ற ஆப்புகளில் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் யுபிஐ, 2016-ல் தொடங்கி இன்று பூக்காரம்மா வரை வந்துவிட்டது. சிக்கல் நமக்குத்தான். கணக்கு ஊரில், நாம் வெளிநாட்டில், அந்தக் கணக்கோடு இணைத்த எண் எங்கே இருக்கிறதென்று நமக்கே நினைவில்லை.

முதலில் சிம். இதில் நான் நன்றாக அனுபவித்துவிட்டேன். இந்திய சிம்மை மேசை டிராயரில் போட்டுவிட்டு ஒன்றரை வருடம் ரீசார்ஜே செய்யவில்லை, இறங்கிய இரவில் ஆப்பைத் திறந்தால் எஸ்எம்எஸ் சரிபார்ப்பிலேயே நின்றுவிட்டது. அப்புறம் பாஸ்போர்ட்டும் பாஸ்புக்குமாக வங்கிக் கிளைக்கு நான்கு நாள் அலைந்து எண்ணை மாற்றினேன். அலைச்சலைக்கூட விடுங்கள், பயன்படுத்தாத எண்ணை 90 நாள் கழித்துத் துண்டித்து, கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். வங்கியில் அதே எண் இருந்தால் உங்கள் ஓடிபி யாரோ ஒருவருடைய போனில் போய் விழும்.

அதனால் ஒன்று, இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டு எண்ணையே வங்கியில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ (வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு), என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் வருமானத்துக்கு) கணக்குகளில் வெளிநாட்டு எண்ணை வைத்து யுபிஐ பயன்படுத்த, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023-ல் வழி திறந்துவிட்டது. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமீரகம் உட்பட முதலில் 10 நாடுகள். ஆனால் எல்லா வங்கியும் எல்லா ஆப்பும் இதை ஏற்பதில்லை, கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே உங்கள் வங்கியில் கேட்டுவிடுங்கள். பதிவின்போது அந்த சிம் போனுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் எஸ்எம்எஸ் அதிலிருந்துதான் போகும். புதிதாகப் பதிவு செய்தவுடன் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும் என்பதால், கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற காலையில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. வெளிநாடு போவதற்கு முன் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கையே இன்னும் பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

சரி, இரண்டு கணக்கும் இருக்கிறது, யுபிஐயில் எதைக் கோப்பது? என்ஆர்ஓவை மட்டும் இணையுங்கள் என்பதுதான் என் பேச்சு. நாம் உழைத்து அனுப்பிய பணம் கிடக்கிற என்ஆர்இ, கடைத்தெருவில் சுற்றுகிற போனோடு சேரவே வேண்டாம். வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு மாற்றிக்கொண்டால், எது நடந்தாலும் போவது அந்தச் சிறு தொகைதான். இந்தப் பக்கம் மாற்றுவது சுலபம், திரும்ப என்ஆர்இக்குக் கொண்டுபோக வரிப் படிவம், வருட வரம்பு என்று வேலை இருக்கிறது. மொத்தமாக மாற்றிவிட்டு முழிக்காதீர்கள்.

கடையில் ஸ்கேன் செய்ததும் தொகையைத் தட்டும் முன் பெயரைப் படியுங்கள். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் ஸ்கேன் செய்தேன், கடைப் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வந்தது. "அண்ணே, இந்தப் பேருதான் வருது, உங்களுதா?" என்று போனைத் திருப்பிக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அட்டையின் மூலையை நகத்தால் சுரண்டினார். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்து வந்தது, அடியில் அவருடைய க்யூஆர் இருந்தது. காலையிலிருந்து எத்தனை பேர் பணம் போட்டார்களோ, மனிதர் முகம் வாடிவிட்டது. வங்கியில் பதிவான பெயரைத்தான் ஆப் காட்ட வேண்டும் என்று 2025-லிருந்து விதி இருப்பதால், அந்தப் பெயரை நம்பலாம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை.

யுபிஐயின் 'பின்' என்கிற ரகசிய எண் பணம் கொடுக்கவும் இருப்புப் பார்க்கவும்தான். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதில்லை. "தவறி உங்களுக்கு அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று யாராவது அழுதால், என் வங்கி மூலமாக வாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

மனசுக்குக் கஷ்டமான விஷயம் வீட்டுக்குள்தான். ஆப் புரியவில்லை என்று போனை அக்கா மகனிடம் கொடுத்து, பின்னையும் சத்தமாகச் சொல்கிறோம், கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது. பிள்ளையைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் 2017-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் மீது தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்து, நீங்கள் மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் சொன்னால் இழப்பு உங்களுடையது அல்ல. பின்னை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். "நீ சொல்லிக் கொடுப்பா, நான் தட்டுறேன்" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

நாம் போவதே கல்யாணம், காதுகுத்துக்கு என்பதால் இதையும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (திறந்தால் போனில் ஆப்பை நிறுவிவிடும் கோப்பு) வந்தால், அனுப்பியது சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கலாம், அந்தக் கோப்பு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைக் களவாடும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரட்டும். கூரியர்காரர் என்று சொல்லி *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை வேறு போனுக்குத் திருப்பிவிடும் வேலை. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவார்கள், அப்படி ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. வெளிநாட்டு எண்காரர்கள் பாஸ்போர்ட், விசா என்றால் சட்டென்று பயந்துவிடுகிறோம். வங்கியின் இணையதளம் என்று ஏதாவது வந்தால் முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள்.

பணம் போய்விட்டதா, சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் நிறுத்தத்தான் அந்த எண். கையோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

இந்தியாவில் கணக்கே இல்லாதவர்கள், முக்கியமாக வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் நம் ஈழத்து உறவுகள், யுபிஐ ஒன் வேர்ல்டு என்ற முன்பண வாலட்டை பாஸ்போர்ட், விசா காட்டி வாங்கலாம். கடைகளில் ஸ்கேன் செய்ய அது போதும்.

திரும்புகிற அன்று, பெட்டி கட்டும்போதே, வங்கி ஆப்பில் பரிவர்த்தனை வரம்பைக் குறைத்துவிடுங்கள். ஊரில் யாருடைய பழைய போனிலாவது உங்கள் கணக்கைத் திறந்திருந்தால் நீக்குங்கள். சிம்முக்கு நீண்ட நாள் ரீசார்ஜ் போட்டு, அது முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் நினைவூட்ட போனில் குறித்துக்கொள்ளுங்கள்.