இங்கிலாந்துக் கடலில் சுகமாகக் குளிக்க: இடத்தோடு நேரத்தையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜூன் மாதம் முதல் வெயில் அடித்ததும் லண்டனில் நம்மவர் வீடுகளில் கடற்கரைப் பேச்சு தொடங்கிவிடும். புளியோதரை கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போவோம். கணுக்கால் நனைந்ததும் உடம்பு விறைக்கும். மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். "இந்த ஊர்க் கடலில் யார் குளிப்பார்கள்?" என்ற முடிவோடு பலர் அதற்கப்புறம் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இங்கே கடல் உண்மையிலேயே சுகமாக இருக்கும் நாட்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: மாதத்தை மாற்றுங்கள்

சென்னைக் கடல் குளிர்காலத்திலும் 25 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் பிப்ரவரி வாக்கில் 7, 8 டிகிரி. ஜூன் தொடக்கத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் 17, 18 டிகிரி கிடைக்கும். பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர் முதல் சனிக்கிழமையை நான் எப்போதும் ஒதுக்கி வைப்பேன். கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரோ ஜூனைவிட நான்கு டிகிரி கூடியிருக்கும். வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் போனால் அதே நாளில் சில டிகிரி குறைவு. புதியவர்கள் தெற்கிலிருந்து தொடங்குவது நல்லது.

படி 2: கரை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

பிரைட்டன் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே மணல் இல்லை, கூழாங்கல்தான். நாலு எட்டு வைத்தாலே ஆழம் இறங்கிவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அது பிரச்சினை இல்லை, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முதல் பயணத்துக்கு மணற்கரை, மெல்ல இறங்கும் ஆழம், தெற்கு நோக்கிய வளைகுடா, இந்த மூன்றும் சேர்ந்த இடம் வேண்டும். போர்ன்மத் அப்படிப்பட்டது. சுமார் 11 கிலோமீட்டர் மணல், வாட்டர்லூவிலிருந்து இரண்டு மணி நேர ரயில். அதற்குப் பக்கத்திலேயே ஸ்டட்லேண்ட் வளைகுடா இருக்கிறது. காற்று அடங்கிய, ஆழம் குறைந்த இடம். சசெக்ஸில் வெஸ்ட் விட்டரிங்கும் நல்ல மணல், ஆனால் கார் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்யாமல் கிளம்ப வேண்டாம். அங்கே சிச்செஸ்டர் துறைமுக வாய்ப் பக்கம் நீரோட்டம் வேகமானது, அந்த மூலையை விட்டுத் தள்ளியே இறங்குங்கள்.

அலையே வேண்டாம் என்பவர்களுக்கு மார்கேட்டில் வால்போல் பே குளம் இருக்கிறது. 1937இல் கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பிக் கட்டியது, ஏறத்தாழ நான்கு ஏக்கர். கடல் மட்டம் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே வந்து தண்ணீரை மாற்றிவிட்டுப் போகும். கடல் பக்கத்துச் சுவரை ஒட்டி ஆழம் அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 3: வற்றுப்பெருக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

நம் ஊர்க் கரைகளில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் அதைப் பற்றி யோசிக்காமலே வளர்ந்துவிட்டோம். இங்கே கதை வேறு. வெஸ்டன்-சூப்பர்-மேர் இருக்கும் பிரிஸ்டல் கால்வாயில் அந்த வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும், நான்கு மாடி உயரம்! வற்றிய நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், அதில் கால் புதைந்து சிக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. சவுத்எண்டின் கடற்பாலம் (பியர்) 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். வற்றத்தில் கடல் அவ்வளவு பின்னால் போய்விடுவதால், கப்பல் வந்து நிற்கும் ஆழத்தைத் தேடிப் பாலத்தை நீட்ட வேண்டியிருந்தது. நான் முதல்முறை சவுத்எண்டுக்குப் போனபோது இதெல்லாம் தெரியாது. மதியம் போய்ச் சேர்ந்தால் கடலையே காணோம். ஐந்து மணி நேரம் கழித்து அதே இடத்தில் கழுத்தளவு தண்ணீர், வெயிலில் காய்ந்த சேற்றின் மேல் ஏறி வந்ததால் இதமான சூட்டோடு. இடம் அதே இடம்தான், மாறியது நேரம் மட்டும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். பிபிசி வானிலைப் பக்கத்திலேயே ஊர்வாரியாக அட்டவணை இருக்கும். சில அட்டவணைகள் கோடைக்காலத்திலும் ஜிஎம்டி என்ற குளிர்கால நேரத்தையே காட்டும், அப்படியானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஆறு மணி நேரமும் கடல் ஒரே வேகத்தில் ஏறாது. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் மொத்தத் தண்ணீரில் பாதி வந்து சேரும். வீட்டுக் காலண்டரையும் பாருங்கள்: அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் சாதுவாக இருக்கும், புதியவர்களுக்கு அதுவே தோது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் கேம்பர் சாண்ட்ஸ். கிழக்கு சசெக்ஸில் உள்ள அழகான மணற்கரை. 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து அங்கே போன, இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் ஒரே நாளில் கடலில் இறந்தார்கள். அப்போது அங்கே லைஃப்கார்ட் கிடையாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தார்கள். அந்தக் கரையின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். வற்றத்தில் வெகுதூரம் முழங்காலளவு தண்ணீர்தான். இடையிடையே மணல் திட்டுகள். கடல் மீண்டும் ஏறும்போது திட்டின் மேல் நிற்பவரின் கண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியாது, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும். பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். ஆழமில்லாத, பரந்த மணற்கரை எங்கே இருந்தாலும் கடல் ஏறத் தொடங்கியதும் கரைப் பக்கமாக வந்துவிடுங்கள். திட்டில் நின்று பந்து விளையாட வேண்டாம்.

படி 4: லைஃப்கார்ட் இருக்கும் கரைக்கே போங்கள்

ஆர்.என்.எல்.ஐ என்ற தொண்டு நிறுவனம் 240க்கும் மேற்பட்ட கரைகளில் லைஃப்கார்டுகளை நிறுத்துகிறது. எந்தக் கரை, எந்தத் தேதிகள், எத்தனை மணி வரை என்று அவர்கள் தளத்தில் தேடலாம். சில இடங்களில் ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இருப்பார்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் கொடி இரண்டு நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு. வெறும் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது என்று பொருள். அன்றைக்குக் குழந்தையின் காற்றடைத்த மிதவை காரிலேயே இருக்கட்டும்.

அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் நல்ல இடம் என்று இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள், அது பெரும்பாலும் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகும் வாய்க்கால். கடற்பாலத் தூண்களையும் மரத்தடுப்பு வரிசைகளையும் ஒட்டி இப்படி அடிக்கடி உண்டாகும்.

படி 5: தண்ணீர் சுத்தமா?

அதிகாரபூர்வமான குளிக்கும் இடங்களில் மே 15 முதல் செப்டம்பர் 30 வரை தண்ணீரைச் சோதித்து, மிக நன்று, நன்று, போதுமானது, மோசம் என்று நான்கு தரங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்றைப் பாருங்கள். பலத்த மழைக்குப் பிறகு கழிவுநீர் கடலில் கலக்க வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் பொறுங்கள். 'சேஃபர் சீஸ் அண்ட் ரிவர்ஸ் சர்வீஸ்' என்ற இலவசச் செயலி அதை உடனுக்குடன் காட்டும்.

படி 6: இறங்கும்போது

ஓடிப்போய்க் குதிக்க வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே தண்ணீர் திடீரென்று உடம்பில் பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நெஞ்சு படபடக்கும். எவ்வளவு நன்றாக நீந்துபவருக்கும் இது நடக்கும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவல் வாங்கியாவது வெட்சூட் (குளிரைத் தாங்கும் நீச்சல் உடை) போட்டால் பத்து நிமிடக் குளியல் அரை மணி நேரமாகும். ரப்பர் செருப்பும் தேவை: மணலில் புதைந்திருக்கும் வீவர் மீனின் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் காலை வையுங்கள்.

நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதந்து, மூச்சு திரும்பியதும் கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேட்க வேண்டும். இதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், பாட்டிக்கும் சேர்த்து.

படி 7: கரையேறிய பிறகு

நடுங்கத் தொடங்கும் முன்பே வெளியே வாருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். வெளியே வந்த பின்னும் கொஞ்ச நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஈரத்தைத் துடைத்து மேலுடம்பை முதலில் மூடுங்கள், அப்புறம் தொப்பி, காலுறை. பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோனால் அந்த நேரத்தில் அதற்கு ஈடு வேறெதுவும் இல்லை. குடித்து, கொஞ்சம் நடந்து, நடுக்கம் முழுவதும் நின்ற பிறகு காரை எடுங்கள்.